ஆளுக்கு ஒன்று

பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே இவரும் நானும் சுகம். அங்கே நீங்களும் மேல்வீட்டுக்காரரும் எப்படி இருக்கிறீர்கள்? அண்ணனுக்கு சைட்டில் வைத்திருக்கிற அந்தப் பட்டப்பெயரை நீங்கள் எழுதிய நாளிலிருந்து இந்த வீட்டில் அவனுக்கு அதுதான் பெயர். காலையில் ஏணி ஏறி டவர் கிரேன் கேபினுக்குள் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் தரையில் கால் வைக்கிறவனுக்கு வேறு எந்தப் பெயர் பொருந்தும்?

வருஷா வருஷம் இந்த மாதம் அவனுக்கு நன்றி சொல்லி எழுதுவேன். போன வருஷம், "இன்னொரு தடவை தேங்க்ஸ் கீங்க்ஸ்னு எழுதினே, குடுத்த கிட்னியைத் திருப்பி வாங்கிப்பேன்" என்று ஒரே வரியில் பதில் போட்டான். அதனால் இந்த முறை நன்றி உங்களுக்கு. அவனை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோன அன்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் நீங்கள்தானே. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. "என் புருஷனை வெட்ட விடமாட்டேன்" என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கடிதத்தை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். அன்றைக்கு நீங்கள் சொன்னதெல்லாம், "ரெண்டு பேரும் சாப்பிடாம உள்ள போறீங்க, வெளிய வந்ததும் என்ன வேணும்னு சொல்லிட்டுப் போங்க" என்பதுதான்.

ஒரு புகார் இருக்கிறது. எனக்கு எழுதும் கடிதம் ஒவ்வொன்றிலும் தண்ணீர் குடி, தண்ணீர் குடி என்று உபதேசம் செய்கிறவன் தான் மட்டும் குடிப்பதில்லை என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். குடித்தால் ஒன்றுக்குப் போக இறங்க வேண்டும், இறங்கி ஏறினால் கீழே கூட்டமே வேலையில்லாமல் நிற்கும் என்பானாம். நல்ல நியாயம். அவனுக்கு மிச்சம் ஒன்று, எனக்கு அவன் கொடுத்தது ஒன்று. ஆளுக்கு ஒன்று வைத்துக்கொண்டு வண்டி ஓட்டுகிறோம் என்பதை அவனுக்கு ஞாபகப்படுத்துங்கள். திட்டியே ஞாபகப்படுத்துங்கள்.

என்னைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பள்ளிக்கூடம், வீடு, மாத்திரை. கணக்கு வராத ஒரு கூட்டத்தோடு தினமும் மல்லுக்கட்டுகிறேன்.

உங்கள் இருவரையும் நினைத்துக்கொண்டே இருக்கும்,
வாலு


பிப்ரவரி 21

அன்புள்ள வாலுவுக்கு,

உன் அண்ணி எழுதுவது. நான் நலம். உன் அண்ணன் நலமாகிக்கொண்டிருக்கிறார். பதறாமல் படி, கடைசியில் எல்லாரும் சிரித்துவிட்டோம்.

முந்தாநாள் மத்தியானம் கண்ணாடிக் கடையில் ஒரு லென்ஸை ஃபிரேமுக்குள் உட்கார வைத்துக்கொண்டிருந்தேன். அவரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்று சைட்டிலிருந்து போன். மேலே கம்பிக் கட்டைத் தூக்கிக்கொண்டிருந்தபோது இடுப்பில் வலி பிடித்திருக்கிறது. வலியோடு வலியாகக் கம்பியைக் கொண்டுபோய் இறக்க வேண்டிய இடத்தில் இறக்கி, கொக்கியைக் கழற்றச் சொல்லி, அதற்கப்புறம்தான் ஏணியில் கால் வைத்தாராம். பாதி வழியில் ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். கீழே எல்லாரும் சாமி வந்துவிட்டதோ என்று பார்த்திருக்கிறார்கள்.

நான் போனபோது எமர்ஜென்சியில் சுவர் ஓரமாக ஒரு ஸ்ட்ரெச்சரில் சுருண்டு கிடந்தார். தொப்பியைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தார். நர்ஸ் வந்து, "வலிக்கு ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும் ஒரு நம்பர் சொல்லுங்க" என்றாள். உன் அண்ணன் தொப்பியை எடுத்துவிட்டு, "நாலு" என்றார். சொன்ன கையோடு அவள் செருப்பின் மேலேயே வாந்தி எடுத்தார். "நாலுக்கே இப்படின்னா பத்துக்கு என்ன பண்ணுவீங்க?" என்றாள் அவள். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

டாக்டர் சின்ன வயசுக்காரர். ஒரே நேரத்தில் பத்துப் பேர் அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "வேற ஏதாவது நோய் இருக்கா, முன்னாடி ஆபரேஷன் ஏதாவது பண்ணியிருக்கா?" என்று கேட்டார். ஸ்ட்ரெச்சரின் கால்மாட்டில் சைட் சூப்பர்வைசர் நின்றிருந்தார். தன் வண்டியில் தூக்கிப்போட்டுக்கொண்டு வந்த நல்ல மனிதர், பாவம். உனக்குத்தான் தெரியுமே, இவருக்கு ஒரு கிட்னிதான் என்பது கம்பெனிக்குத் தெரியாது. தெரிந்தால் மேலே ஏற விடமாட்டார்கள் என்று வேலையில் சேர்ந்த நாளிலிருந்து மறைத்து வைத்திருக்கிறார். இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஒண்ணுமில்லை டாக்டர்" என்றார். நானும் தலையாட்டி பொம்மை மாதிரி, "ஒண்ணுமில்லை" என்றேன். பழைய தழும்பு இருக்கிற பக்கத்தைக் கீழே அமுக்கிக்கொண்டு படுத்திருந்தார் பார், அவ்வளவு வலியிலும் அந்தச் சாமர்த்தியம் போகவில்லை.

சிறுநீரைச் சோதித்துவிட்டு, "கல்தான், பயப்பட வேண்டாம்" என்றார்கள். ஸ்கேன் எடுக்கிற மெஷின் ரிப்பேர், அடுத்த வாரம் வந்து எடுத்துக்கொள்ளலாமாம். வலிக்கு ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, "நிறையத் தண்ணி குடிங்க, தானா வெளியே வந்துடும்" என்று அனுப்பிவிட்டார்கள். வாசலில் சூப்பர்வைசர், "உங்க வீட்டுக்காரர் இரும்புங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆக, உன் உபதேசம் அவருக்கே திரும்பி வந்துவிட்டது. நேற்றிலிருந்து குடம் குடமாகக் குடிக்கிறார். உடம்பு அவ்வளவு காய்ந்து கிடந்திருக்கிறது போல, குடித்ததெல்லாம் உள்ளேயே போய்விடுகிறது, பாத்ரூம் பக்கமே போகவில்லை. கால் மட்டும் கொஞ்சம் உப்பியிருக்கிறது. இப்போது தூங்குகிறார்.

கல் வந்ததும் உனக்கு ஒரு மோதிரத்தில் பதித்து அனுப்பச் சொல்கிறார்.

அன்புடன்,
அண்ணி


மார்ச் 4

அண்ணிக்கு,

நலம் விசாரிக்க நேரமில்லை. உங்கள் கடிதம் இப்போதுதான் வந்தது. நின்றபடியே எழுதுகிறேன்.

இந்தக் கடிதம் வந்து சேர்கிற நேரத்தில் அண்ணன் எங்கே இருந்தாலும் அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு கிட்னிதான் இருக்கிறது என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். ரெண்டு இருக்கிறவனுக்குக் கல் ஒரு பக்கம் அடைத்தால் இன்னொரு பக்கம் வேலை செய்யும். இவனுக்கு எது வேலை செய்யும்? குடித்தது உடம்பில் சேரவில்லை அண்ணி, வெளியே வர வழியில்லாமல் நிற்கிறது. கால் உப்புவது எதற்கென்று எனக்குத் தெரியும். எனக்கு அப்படித்தான் ஆரம்பித்தது.

உங்கள் வீட்டுக்காரம்மாவுக்குப் போன் போட்டேன். "ரெண்டு பேரும் வீட்ல இல்லைங்க, பூட்டியிருக்கு" என்றார். கடை நம்பர் என்னிடம் இல்லை. சைட் ஆபீஸுக்குப் போட்டேன். "லீவுல இருக்காரு" என்று வைத்துவிட்டார்கள். அவர்களிடம் நான் வேறு என்ன சொல்ல முடியும்? அங்கேயும் வாயை மூடிக்கொண்டேன். நம் வீட்டில் எல்லாருக்கும் இந்த ஒரு வியாதி.

எந்த நேரமானாலும் போன் செய்யுங்கள். என் மேல் கோபமிருந்தாலும் செய்யுங்கள்.

வாலு


ஏப்ரல் 18

அன்புள்ள வாலுவுக்கு,

இங்கே நலம். நீயும் மாப்பிள்ளையும் நலம் என்று நம்புகிறேன்.

பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. கடையில் ஆள் குறைவு. நீ பயந்தது மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி போய்க் காட்டினோம், கல்லை எடுத்துவிட்டார்கள். கொஞ்ச நாள் படுக்கையில் இருந்தார், இப்போது எழுந்து நடமாடுகிறார். வீட்டுக்காரம்மா போன் ரிப்பேராகிக் கிடக்கிறது, அதில் கூப்பிட்டு ஏமாறாதே.

அண்ணன் உன்னை மாத்திரை தவறாமல் சாப்பிடச் சொன்னார்.

அண்ணி


மே 3

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று இவர் என்னைப் பிடித்து உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். அப்படி அழுதேன். சந்தோஷத்தில்தான். இத்தனை நாள் பதில் வராமல் நான் என்னென்ன நினைத்தேன் என்று உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. நலமாக இருங்கள், அது போதும்.

ஆனால் அண்ணி, எப்போதும் நாலு பக்கம் எழுதுகிறவர் நாலு வரி எழுதியிருக்கிறீர்கள். என் மேல் வருத்தமா? "நம் வீட்டில் எல்லாருக்கும் வியாதி" என்று அவசரத்தில் எழுதிவிட்டேன். உங்களைக் குத்திக்காட்ட எழுதவில்லை. அண்ணன் ஏன் ஒரு வரிகூட எழுதவில்லை? மறுபடி மேல்வீட்டுக்குக் குடிபோய்விட்டானா? என்ன சாப்பிடுகிறான், எப்போது தூங்குகிறான், யாரிடம் வம்பு இழுக்கிறான், எல்லாம் எனக்குத் தெரிய வேண்டும். சமையல்கட்டில் நடப்பதையாவது எழுதுங்கள்.

நான் இப்போது பள்ளிக்கூடத்துக்குப் பாதி நாள்தான் போகிறேன். பரீட்சை முடிந்த நேரம், வேலை குறைவு. வேறு காரணம் ஒன்றுமில்லை.

உங்கள் செல்ல நாத்தனார்,
வாலு


ஜூன் 1

அன்புள்ள வாலுவுக்கு,

நாங்கள் இருவரும் நலமே. உன் மேல் எனக்கு என்ன வருத்தம்? அப்படி நினைத்தால்தான் வருத்தப்படுவேன்.

கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். உன் அண்ணனை இப்போதைக்கு மேலே ஏற்றவில்லை, கீழே ஸ்டோரில் உட்கார வைத்திருக்கிறார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை. இரும்புச் சாமான்களுக்கு நடுவில் நான் ஒரு பழைய சாமான் என்கிறார். வெயில் நாளிலும் முழுக்கைச் சட்டைதான் போடுகிறார். இந்த வயசில் என்ன ஸ்டைல் என்று நான் கேலி செய்வேன்.

சமையல்கட்டில் நான் இப்போது பெரிய நிபுணி. உருளைக்கிழங்கைச் சின்னதாக வெட்டி ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, வேக வைத்து, அதையும் கொட்டி, மறுபடி புதுத் தண்ணீரில் வேக வைத்துக் கொடுத்தால் எவ்வளவு மெத்தென்று இருக்கிறது தெரியுமா? கீரைக்கும் அதே கதை. உப்பைக் குறைத்துவிட்டோம், நாக்குக்குப் பழகிவிட்டது. வாழைப்பழம் அவருக்கு அலுத்துவிட்டதாம், வாங்குவதில்லை. வெயிலுக்கு ஐஸ் கட்டி ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு குழந்தை மாதிரி உட்கார்ந்திருப்பார். "கரைஞ்சிடுச்சுடி, இன்னொண்ணு குடேன்" என்று கெஞ்சுவார். நான் தரமாட்டேன்.

வேறு விசேஷம் இல்லை. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி


ஜூன் 14

அன்புள்ள அண்ணிக்கு,

இதைக் கண்ணாடிக் கடை விலாசத்துக்கு அனுப்புகிறேன். அண்ணன் கண்ணில் படக்கூடாது. நீங்கள் எங்காவது தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

கல் வந்தவனுக்கு யாராவது தண்ணீரை அளந்து கொடுப்பார்களா அண்ணி? குடி குடி என்றுதானே விரட்டுவார்கள். ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு கெஞ்சுவது யார் என்று எனக்குத் தெரியாதா? உருளைக்கிழங்கை ரெண்டு தண்ணீர் கொட்டி வேக வைப்பது யாருக்கு என்று தெரியாதா? அண்ணன் கிட்னி கொடுப்பதற்கு முன்னால் நான் அதைத்தானே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதை எனக்கு வேக வைத்துப் போட்டவள் என் அம்மா. வாழைப்பழம் அலுத்துவிட்டதாம். வாழைப்பழத்துக்காகச் சண்டை போடுகிறவன் அவன். முழுக்கைச் சட்டை எதற்கு? ஊசி குத்த வசதியாக மணிக்கட்டில் ரத்தக்குழாயைச் சேர்த்துத் தைத்திருப்பார்கள், அங்கே புடைத்திருக்கும். அதை மறைக்கத்தான். நானும் முழுக்கை ரவிக்கை போட்டிருக்கிறேன்.

அவன் டயாலிசிஸ் மெஷினில் இருக்கிறான். சரிதானே?

உங்களைத் திட்டுவதற்கு எனக்கு வாய் இல்லை. ஏனென்றால் நானும் உங்களிடம் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அண்ணன் கொடுத்த கிட்னி போன வருஷத்திலிருந்தே கெட்டுக்கொண்டு வந்தது. ஒரு வேளை மாத்திரைகூட நான் தவறவிட்டதில்லை, அதை மட்டும் நம்புங்கள். சில உடம்பு இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிவிடுமாம், யார் பேரிலும் தப்பில்லை என்கிறார் டாக்டர். போன மாதம் முழுக்க நின்றுவிட்டது. நானும் மெஷினுக்குப் போகிறேன். அவன் உடம்பை அறுத்துக் கொடுத்ததை நான் கெடுத்துவிட்டேன் என்று அவனுக்கு எப்படி எழுதுவேன்? அதனால்தான் பள்ளிக்கூடக் கதையாக எழுதிக்கொண்டிருந்தேன்.

ஆளுக்கு ஒன்று என்று பெருமையாக எழுதினேனே. இப்போது ரெண்டும் போச்சு.

இதை அவனிடம் சொல்லிவிடாதீர்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். அவனுக்கு என்ன ஆயிற்று என்று மட்டும் முழுக்க எழுதுங்கள்.

வாலு


ஜூலை 2

என் கண்ணே,

உன் கடிதத்தைக் கடையின் பின்பக்கம், லென்ஸ் தேய்க்கிற அறையில் உட்கார்ந்து படித்தேன். கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று முதலாளியிடம் சொன்னேன். நலமா என்று உன்னைக் கேட்க வாய் வரவில்லை.

கேட்டாய், எழுதுகிறேன். நான் உனக்கு அந்தச் சிரிப்புக் கடிதத்தைப் போட்டுவிட்டு வந்த மறுநாள் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. காய்ச்சல் வேறு. யாரோ மாதிரி பேசினார். "கொக்கியை இறக்குடா, கொக்கியை இறக்குடா" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். மறுபடி அதே எமர்ஜென்சி. அன்றைக்குச் சூப்பர்வைசர் இல்லை. நான் டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு கிட்னிதாங்க இருக்கு, ஒண்ணைத் தங்கச்சிக்குக் குடுத்துட்டாரு" என்று சொன்னேன். அதே சின்ன வயசு டாக்டர்தான். "அன்னிக்குக் கேட்டேனேம்மா" என்றார். அதற்கப்புறம் என்னைப் பார்க்காமல் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

குழாய் போட்டு அடைப்பை எடுத்தார்கள். அதற்குள் உள்ளே சீழ் பிடித்து, கிட்னி செத்துப்போய்விட்டது. வலிக்குப் போட்ட ஊசியும் சேர்ந்து கெடுத்துவிட்டதாம், ஒரு கிட்னிக்காரருக்கு அதைப் போட்டிருக்கவே மாட்டார்களாம். திரும்ப வேலை செய்யலாம், காத்திருங்கள் என்றார்கள். காத்திருந்தோம். செய்யவில்லை. என்னுடையதைக் கொடுக்கிறேன் என்றேன். பொருந்தவில்லை. வேறு யார் இருக்கிறார்கள் நமக்கு?

ஸ்டோரில் வேலை என்று எழுதியது பொய். கம்பெனியில் எல்லாம் தெரிந்துவிட்டது, வேலை போய்விட்டது. எந்த வேலைக்காக வாயை மூடினோமோ அது.

அவர் பார்த்த பார்வையை நான் பார்க்காத மாதிரி இருந்திருக்கலாம். கணவன் கண்ணைக் காட்டினால் எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டுமா? கடையில் நான் அப்படியா இருக்கிறேன்? ஃபிரேம் கோணலாக இருந்தால் முதலாளியிடமே சண்டை போடுகிறவள். அன்றைக்கு மட்டும் எனக்கு என்ன ஆயிற்று என்று நினைத்து நினைத்துப் பைத்தியம் பிடிக்கிறது. உனக்கு எழுதக்கூடாது என்று அவர்தான் சத்தியம் வாங்கினார். "வாலுக்குத் தெரிஞ்சா, என்னாலதான் அண்ணனுக்கு இப்படின்னு மருகியே செத்துடுவா" என்றார்.

இப்போது இன்னொரு இடி. ரெண்டு வாரமாக மெஷினுக்குப் போக மாட்டேன் என்கிறார். போன தடவை நானும் வீட்டுக்காரம்மாவும் கெஞ்சிக் கூத்தாடி அழைத்துப் போனோம். இந்த வாரம் ஒரு நாள் தவறிவிட்டது. இப்படியே விட்டால் எத்தனை நாள் தாங்கும் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உனக்கு அவர் நிலைமை தெரிந்துவிட்டது என்று மட்டும் அவரிடம் சொல்லிவிட்டேன். உன்னைப் பற்றி மூச்சு விடவில்லை. நீ எழுதினால் கேட்பாரோ என்று ஒரு நப்பாசை.

நீயாவது தவறாமல் போ.

அண்ணி


ஜூலை 6

வாலு,

மேல்வீட்டுக்காரன் எழுதுவது. வீட்டைக் காலி செய்தாகிவிட்டது, இப்போது தரைவாசி. நீயும் மாப்பிள்ளையும் நலம்தானே?

உனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று அண்ணி சொன்னாள். அவளை ஒரு வார்த்தை கேட்காதே. கண்ணைக் காட்டினது நான். உனக்குக் கொடுத்ததற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. மேலே உட்கார்ந்து எல்லாரையும் எறும்பு மாதிரி பார்த்த திமிர், எனக்கு ஒன்றும் வராது என்று நினைத்துவிட்டேன்.

மெஷினுக்குப் போகவில்லை என்று அண்ணி அழுதிருப்பாள். நீயே சொல், உனக்குத் தெரியாததா? வரிசையாக நாற்காலி, வரிசையாக நாங்கள். பக்கத்து நாற்காலிக்காரர் போன வாரம் வரவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை, துடைத்துவிட்டு வேறு ஆளை உட்கார வைத்தார்கள். வெளியே வந்தால் வாந்தி, தலைசுற்றல். அடுத்த நாள் கொஞ்சம் மனுஷன். அதற்கடுத்த நாள் மறுபடி அதே நாற்காலி. இதை எதற்காகச் செய்கிறேன்? கிரேன் இல்லை. அண்ணி கடையில் நின்று கால் வீங்கி வருகிறாள், வந்ததும் என்னைச் சுமக்கிறாள். நான் போய்விட்டால் அவள் ஒரு நாளாவது நிம்மதியாகத் தூங்குவாள்.

பயந்து சொல்லவில்லை. எனக்கு ஒரே ஒரு நல்ல விஷயம் மிச்சமிருக்கிறது. படுத்துக் கிடக்கும்போது அதை நினைத்துக்கொள்வேன். என்னுடையது ஒன்று உன்னிடம் பத்திரமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அன்றைக்கு ரெண்டையும் நானே வைத்துக்கொண்டிருந்தால் என்ன என்று யாரோ இங்கே கேட்டார்கள். அடிக்கப் போய்விட்டேன். நான் செய்ததில் உருப்பட்டது அது ஒன்றுதான்.

நல்லா இரு.

அண்ணன்


ஜூலை 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் ஜோராக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப் போவதில்லை, உன் கடிதத்தைப் படித்தபின் உன்னோடு நலம் விசாரிக்கிற உறவை முறித்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.

கேட்டுக்கொள். உன் கிட்னி முதல் தரமாக ஓடுகிறது. போன வாரம் ரத்தம் சோதித்துவிட்டு டாக்டர், "யாரோடதும்மா இது, புதுசு மாதிரி இருக்கு?" என்றார். "கிரேன் ஓட்டுறவரோடது சார், வெயிட்டுக்குப் பழகினது" என்றேன். சிரித்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் மாடிப்படி எல்லாம் நான்தான் முதலில் ஏறுகிறேன். மூணாவது பெஞ்சில் ஒருவன் பூஜ்யத்தால் வகுத்துவிட்டு என்னோடு சண்டைக்கு வருகிறான். உன்னை மாதிரியே பிடிவாதம்.

இப்போது முக்கியமான விஷயம். உன் சொத்து என்னிடம் இருக்கிறது, மறந்துவிடாதே. நீ மெஷினுக்குப் போகாத ஒவ்வொரு தடவைக்கும் நான் ஒரு வேளை மாத்திரையை நிறுத்துவேன். மாத்திரை நின்றால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். நீ செய்ததில் உருப்பட்ட ஒன்றே ஒன்றை நீயே கெடுத்த மாதிரி ஆகும். அண்ணி எனக்கு வாராவாரம் எழுதுவார், ஏமாற்ற முடியாது. நான் சொன்னால் செய்கிறவள் என்று சின்ன வயசிலிருந்து உனக்குத் தெரியும்.

போய் உட்கார். நாற்காலியில் உட்கார்ந்து பழகினவன்தானே நீ.

உன் கிட்னியை வைத்திருக்கும்,
வாலு


ஜூலை 24, கடை விலாசத்துக்கு

அன்புள்ள அண்ணிக்கு,

அவனுக்கு எழுதியதை நீங்களும் படிப்பீர்கள். எழுதி முடித்துவிட்டு எழுந்திருக்க முடியவில்லை, இவர்தான் தபாலில் போட்டார். பொய் என்று அவன் கண்டுபிடித்துவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

எனக்கும் ரொம்பத் தெம்பு இல்லை அண்ணி. போன வாரம் மெஷினில் இருக்கும்போதே நெஞ்சு ஒரு மாதிரி ஆகிவிட்டது. டாக்டர் என்னிடம் பேசாமல் இவரிடம் தனியாகப் பேசினார். அதனால் நான் ஒரு முடிவு செய்திருக்கிறேன். பிரயாணம் செய்கிற மாதிரி உடம்பு இருக்கும்போதே வந்து அவனைப் பார்த்துவிடுகிறேன். அங்கே எனக்கும் மெஷினுக்கு ஏற்பாடு செய்ய முடியுமா என்று இவர் விசாரிக்கிறார். ரெண்டு நாள் போதும். அவன் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அவனைத் திட்டிவிட்டு வந்தால் போதும். வேறு ஆசை ஒன்றும் இல்லை எனக்கு.

வரட்டுமா? உடனே எழுதுங்கள்.

வாலு


ஆகஸ்ட் 11

என் கண்ணே,

இந்தக் கடிதம் உன்னைக் கொஞ்சம் தெம்பாகப் பார்க்கட்டும்.

அவர் மெஷினுக்குப் போகிறார். அதுவரை நானும் வீட்டுக்காரம்மாவும் வாரத்துக்கு ஒரு நாளாவது இழுத்துக்கொண்டு போனோம். உன் கடிதம் வந்த அன்று ரெண்டு தடவை படித்துவிட்டு, "இவ செஞ்சாலும் செய்வாடி" என்றார். மறுநாள் நான் கூப்பிடுவதற்கு முன்னால் சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றார். அதிலிருந்து ஒரு நாளும் தவறவில்லை. உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகிறார். அங்கே நர்ஸிடம், "என் தங்கச்சி எழுதினது. என் கிட்னியை வெச்சுக்கிட்டு என்னையே மிரட்டுறா பாருங்க" என்று காட்டினார். அவள் வாய்விட்டுப் படித்தாள். அந்த அறையில் எல்லாரும் சிரித்தார்கள், உன் அண்ணனும் சிரித்தார். எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் அவர் சிரித்து நான் பார்த்தேன்.

நீ கேட்டதற்குப் பதில் எழுத வேண்டும். ரெண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

வராதே.

உன்னைப் பார்த்தால் கண்டுபிடிக்க ஒரு நிமிஷம் ஆகாது அவருக்கு. அந்த நாற்காலிகளுக்கு நடுவில் இருந்து இருந்து அவருக்கு முகத்தின் நிறம் தெரிகிறது, நடை தெரிகிறது, வாயின் வாசனை தெரிகிறது. பஸ்ஸில் யாரோ ஒரு அம்மாளைக் காட்டி, "அவங்களுக்கும் கிட்னி போயிருக்கு" என்று என்னிடம் சொன்னார். விசாரித்தால் உண்மைதான். உன்னிடமா மறைக்க முடியும்? தெரிந்துவிட்டால் அதற்கு மறுநாள் அவர் அந்த நாற்காலியில் உட்கார மாட்டார். எனக்கு அவர் வேண்டும். எந்த நிலைமையில் இருந்தாலும் வேண்டும். உன் ஆசையை விட எனக்கு என் புருஷன் பெரிதாகப் போய்விட்டார். அன்றைக்கு உனக்காக ஒன்றும் சொல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள், இன்றைக்கு உன்னைப் பார்த்து இப்படி எழுதுகிறேன். என்னை நீ என்ன நினைத்தாலும் சரி.

வீட்டுக்கு எழுதும் கடிதம் உற்சாகமாக இருக்கட்டும். அந்த மூணாவது பெஞ்சுப் பையனைப் பற்றி இன்னும் எழுது, அவன் என்ன ஆனான் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். எழுத முடியாத நாள் வந்தால் மாப்பிள்ளையை உன்னை மாதிரியே எழுதச் சொல். உன் கையெழுத்தைப் பழகிக்கொள்ளச் சொல். கேட்கக் கூடாததைக் கேட்கிறேன் என்று தெரியும். உன் உடம்பைப் பற்றிய நிஜத்தைக் கடைக்கு எழுது, நான் ஒருத்தி படித்துக்கொள்கிறேன்.

நேற்று ராத்திரி சாப்பிடும்போது, "வாலு எப்போ வருவா?" என்று கேட்டார். "லீவு கிடைக்கலையாம்" என்றேன். "வேலை முக்கியம், அடுத்த வருஷம் வரட்டும்" என்றார்.

அண்ணி